மீன் பாயில் காய்ந்த ஹொப்ஸ் பூ

கண்டக்குழி விடுதியில் அறை கூட்டும் மெரினாவுக்கு அந்தக் கொடி சும்மா கிடைத்தது. பியர் காய்ச்சப் போகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரன், பியருக்குக் கசப்பேற்றும் ஹொப்ஸ் கொடியின் கிழங்கைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்திருந்தான். பியர் வருவதற்குள் அவனுக்கு விசா முடிந்துவிட்டது. இதன் பூவைக் காயவைத்துத் தலையணைக்குள் அடைத்தால் நித்திரை வருமாம் என்று போகிற அன்று அவன் சொன்னதை, விடுதி மனேஜர் றொமேஷ் தமிழில் சொன்னான். மெரினா சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

புருஷன் நிக்கொலஸ், தம்பியோடு கடலுக்குப் போய்த் தனியாகக் கரைக்கு வந்த நாளிலிருந்து கண் மூடுவதில்லை. கடலுக்குப் போவதுமில்லை. நித்திரையில்லாத மனுசனை எந்தச் சம்மாட்டி தன் வள்ளத்தில் ஏற்றுவான்? அவன் பாயில் எழுந்து உட்கார்ந்தால் இவளும் உட்காருவாள். விடிந்தால் விடுதிக்கு ஓட வேண்டும். அலுத்துப் போய்விட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கும் அலுப்பாயிருந்தது.

கிணற்றடியில் அவனுடைய பழைய வலையைக் கட்டிக் கொடியை ஏற்றிவிட்டாள். உப்புக்காற்றில் இலை கருகியது, பிறகு பாவம் பார்த்தது போலத் துளிர்த்தது. மிஞ்சிய துளிரைக் கிள்ளித் தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தாள். நிக்கொலஸ் உப்புப் புளி பாராமல் சாப்பிட்டான். எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். ஒருவழியாகப் பச்சைப் பூ வந்தது, இரண்டு கை அள்ளுகிற அளவுக்கு. கொஞ்சத்தைச் சுடுதண்ணீரில் போட்டுக் குடிக்கக் கொடுத்தாள். வேப்பிலைக் கசப்பு, அதையும் குடித்தான். நித்திரை மட்டும் வரவில்லை. இனித் தலையணைதான் கதி.

நிழலில் காயவைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சின்ன வயதிலிருந்து கருவாடு போட்ட கைக்கு அது ஏறுமா? வெயில் இல்லாமல் எதுதான் காயும் என்று சொல்லிக்கொண்டு, சாளை காய்கிற பாயிலேயே பூவைப் பரப்பினாள். உறை தைத்து அடைக்கும்போதும் அவளுக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. கருவாட்டு மணத்திலேயே வளர்ந்த மூக்கு.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானம் தலையணையை நிக்கொலஸிடம் கொடுத்தாள். தலையை வைத்தவன் உடனே எழுந்துவிட்டான்.

"கடல் மணக்குது," என்றான்.

மெரினாவுக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாள் தண்ணீர் ஊற்றியது இதற்குத்தானா?

"விசர்க்கதை கதைக்காதீங்க. இது பூ மணம். நான் படுத்துக் காட்டுறன், பாருங்க," என்று தலையை வைத்தாள்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சோறு வடித்து இறக்கியிருந்தது. நிக்கொலஸ் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு மட்டைத் துண்டால் அவள் முகத்தில் மொய்த்த இலையான்களை விரட்டிக்கொண்டிருந்தான். பதறி எழும்பப் போனவளைத் தோளில் பிடித்து அமர்த்தினான்.

"உங்களுக்கெண்டு தைச்சது," என்றாள் அவள்.

"ஓம். எனக்கு வராது. நான் எப்பிடியும் முழிச்சுத்தானே இருக்கிறன், நீயும் என்னத்துக்கு முழிச்சிருக்கிறாய்? படு."

இத்தனை நாளில் அவளிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான். கருவாடு மணந்த தலையணையை இழுத்து வைத்துக்கொண்டு, மெரினா திரும்பவும் படுத்தாள்.