நாயகிக்குச் சிரித்தவள்

பட்டாசு என்றுதான் உடைப்பிரிவில் அவளைக் கூப்பிட்டார்கள். எல்லாம் அந்தச் சிரிப்பால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம்.

இந்தி தெரியாமலே இந்திப் படக் கம்பெனியில் பொத்தான் தைக்கிற வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அறை. ஒருநாள் அளவு பார்க்கப் போட்ட ஸ்வெட்டருக்குள் தையல்காரரின் தலை மாட்டிக்கொண்டது. இவள் வெடித்துச் சிரித்ததில் பக்கத்து அறையில் பதிவு பாழ். டைரக்டரே வந்து கதவைத் தட்டினார். சீட்டு கிழிந்தது என்று கத்தரிக்கோலை ஓரமாக வைத்தாள். அவரோ அவளைக் கூட்டிப்போய் மைக் முன்னால் நிறுத்தினார். அவருடைய நாயகிக்கு அழகு கொட்டிக் கிடந்தது. சிரித்தால் மட்டும் பூனை தும்முகிற மாதிரி இருக்கும்.

அன்று முதல் அவர் படங்களில் எந்த நாயகி சிரித்தாலும் அது பட்டாசின் தொண்டைதான். அந்த மனிதர் படங்களில் டைப்பிஸ்ட்டும் பஸ் கண்டக்டரும் காதலிப்பார்கள். எத்தனை கஷ்டம் வந்தாலும் கடைசியில் யாராவது சிரித்துத்தான் படம் முடியும். அந்தப் படங்களை உலகமே தலையில் வைத்துக் கொண்டாடியது. வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்; அதனால் அது தன் சிரிப்பு என்றால் அங்கே மட்டும் நம்ப ஆளில்லை. "ஆமா, அதுல அழுதது நான்" என்பார் கணவர்.

டைரக்டர் காலமாகி வெகுகாலம் கழித்து அவர் மகள் தேடி வந்தாள். அப்பாவின் படம் ஒன்றைப் புதுப்பிக்கிறார்களாம். கடைசிச் சிரிப்பு இருந்த இடத்தில் ஒலி அழிந்துபோயிருந்தது. தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நீங்க வரலேன்னா வெறும் வாயசைப்போட படம் முடிஞ்சிடும், ஆன்ட்டி."

பட்டாசு கணவரையும் இழுத்துக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போனாள். மைக் முன்னால் நின்றால் வந்தது இருமல்தான். பல்செட் வேறு ஆடியது. வலிந்து சிரித்த சிரிப்பு அப்படியேதான் கேட்டது. தன்னை வாழ வைத்தவரின் படம் தன்னால் ஊமையாகிவிடுமே என்றிருந்தது.

ஒலிப்பதிவாளர் பொறுமையாக, "ஏக் அவுர்" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. கணவர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? டைரக்டர் ஐயாவும் நான் சிரிச்சு முடிச்சதும் இதையேதான் சொல்வாரு. நம்பர் ஒன்னுன்னு அர்த்தம்" என்றாள்.

மகள் தயங்கினாள். "ஆன்ட்டி, அதுக்கு 'இன்னும் ஒண்ணு'ன்னு அர்த்தம். திரும்பச் சிரிங்கன்னு."

"அப்போ சரியில்லைன்னா சொன்னாரு? நான் ஒவ்வொரு வாட்டியும் தேங்க்ஸ் சொன்னேனே."

"ஃபெயிலானதுக்குத் தேங்க்ஸ் சொன்னவ நீ ஒருத்திதான்டி" என்றார் கணவர்.

அவ்வளவுதான். பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினார். கணவர் வாயைப் பிளந்தபடி நின்றார். தியேட்டரில் எத்தனையோ முறை கேட்ட சிரிப்பு அது.

ஒருவழியாக அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்த மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கேன்" என்றாள்.

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல ஆன்ட்டி. எடிட்டிங்ல நானே கூட இருந்து பார்த்திருக்கேன். அப்பா எப்பவும் நீங்க முதல்ல சிரிச்சதைத்தான் படத்துல வெப்பாரு. மத்ததெல்லாம் அவரு கேக்குறதுக்கு."