ஏணி என்று தட்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் எக்ஸ்ரேக்காரர் என்றுதான் சொல்வார்கள். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே தொனி வந்துவிடும். "நான் ஒண்ணும் உங்க பேஷண்ட் இல்ல" என்று மனைவி வாரிவிடுவார். மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். வக்கீல் வாயைத் திறக்குமுன் அடுத்த வார்த்தை அவர் விரல் நுனியில் நிற்கும்.

மகள் வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது கம்ப்யூட்டரில் ஒரு துப்பறியும் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு விடுதியின் சலவைக்காரி காணாமல் போய்விடுகிறாள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளாளுக்குப் பேசிய இருநூற்றுச் சொச்சம் வீடியோத் துண்டுகள் உள்ளே இருக்கின்றன. தேடும் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால், அந்தச் சொல்லை யார் யார் உச்சரித்தார்களோ அந்தத் துண்டுகள் மட்டும் திரைக்கு வரும். மற்றதை நாம்தான் கோத்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். எக்ஸ்ரேக்காரர் 'கொலை', 'ரத்தம்' என்று தட்டி ஒன்றும் பெயராமல் முழிப்பார். மனைவி விசைப்பலகையைப் பிடுங்கிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு மனைவி 'ஏணி' என்று தட்டினார். பின்சுவரில் ஏணி சாய்ந்திருந்ததைக் காவலாளி உளறும் துண்டு வந்தது. "பாத்தீங்களா!" என்று கைதட்டினார். அடுத்த ஞாயிறும் 'ஏணி' என்றே தட்டினார். அதே காவலாளி, அதே கைதட்டல். கேலி செய்கிறாராக்கும் என்று எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். மூன்றாவது ஞாயிறும் அதே 'ஏணி' வந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஒருநாள் மனைவியின் விரல்கள் விசைமேல் நின்றுபோயின. "அதாங்க... துணி காயப்போடுவாங்கள்ல, நீளமா..."

"கொடியா?"

"ஆங், கொடி." முகம் வெளுத்திருந்தது. "எனக்கு என்னமோ ஆகுதுங்க."

கோர்ட்டில் சாட்சியின் பெயரையே மாற்றி அடித்ததாகச் சொல்லி மனைவியை லீவில் அனுப்பினார்கள். ஐம்பத்து நாலு வயது. தலையை ஸ்கேன் எடுத்தது கணவரின் ஆஸ்பத்திரியில்தான். கூட வேலை பார்ப்பவர் மெஷினை இயக்க, எக்ஸ்ரேக்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். திரையில் படம் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறதி நோய், இனி கூடிக்கொண்டேதான் போகும் என்றார் டாக்டர்.

இரண்டு வருஷத்தில் மனைவிக்கு மகளின் பெயர் மறந்துபோனது. பிறகு கணவர் பெயரும் போனது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து எக்ஸ்ரேக்காரரே தட்டினார். கடைசித் துண்டு ஒரு மத்தியானம் அகப்பட்டது. சலவைக்காரியை யாரும் கொல்லவில்லை. அவளேதான் ஏணி வைத்துச் சுவர் தாண்டிப் போயிருக்கிறாள்.

"அவ உயிரோடதாம்மா இருக்கா! நாம கண்டுபிடிச்சுட்டோம்!"

மனைவி திரையைப் பார்த்தார். பிறகு அவரை மரியாதையாகப் பார்த்தார். "நேரமாச்சே. உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?"

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். "தேடுவாங்க."

"அப்ப கிளம்புங்க. பாவம், காத்துட்டிருப்பாங்க."

மறுத்தால் மனைவி பயந்து அழுவார் என்று அவருக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, பாதியில் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து மணியை அடித்தார்.

கதவைத் திறந்த மனைவியின் முகம் மலர்ந்திருந்தது. "வாங்க வாங்க. இப்பத்தான் ஒருத்தர் வந்துட்டுப் போறாரு. நல்ல மனுஷன்."