வராத மினி பஸ்

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அரசியல், அரசுக் கொள்கை, பத்திரிகை மூன்றிலும் குப்பை கொட்டியவன் கற்ற பாடங்களைச் சொல்ல வேண்டுமாம். பொழிச்சலூர் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தேன். ஒரு பாடமும் வரவில்லை. மினி பஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பகுதியிலிருந்து தாம்பரம் வழியாகச் சேலையூருக்கு ஒரு மினி பஸ் விட வேண்டும் என்று, நிருபராக இருந்தபோது முதலில் எழுதியவன் நான்தான். பிறகு எதிர்க்கட்சி ஒன்றின் அலுவலகத்தில் சேர்ந்தேன். உறுப்பினர்கள் சட்டமன்றத்தில் கேட்கும் கேள்விகளைத் தயாரிப்பது என் வேலை. என் பழைய செய்தியையே சுருக்கி, 'மினி பஸ் எப்போது விடப்படும்?' என்று எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர் மேஜையைத் தட்டிக் கேட்டார். எனக்கு அப்படி ஒரு பெருமை.

அடுத்த தேர்தலில் கட்சி ஜெயித்தது. என்னைக் கொள்கை வகுக்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். அதே கேள்வியை இப்போது எதிர்வரிசையில் வேறு யாரோ கேட்க, பதில் எழுதச் சொல்லி என்னிடமே வந்தது. 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினேன். பொய் இல்லை. நிஜமாகவே பரிசீலித்தோம். சாலையின் அகலம் பார்த்தோம், கூட்டம் போட்டோம், டீ குடித்தோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. பிறகு எங்கேதான் நின்றுபோனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது மறுபடியும் பத்திரிகையில் எழுதுகிறேன். போன மாதம் 'விரைவில் விடப்படும் என்று தெரிகிறது' என்று எழுதினேன். யாருக்குத் தெரிகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். சேலையூரில் ஒரு பள்ளியில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளுக்காகப் பல வருஷம் வீட்டோடு இருந்துவிட்டவள், இதை மிகவும் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில், தாம்பரத்தில் இறங்கி இன்னொரு பஸ். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் நகராது. முதல் பீரியடுக்குப் போய்ச் சேர்வதே சந்தேகம்தான்.

“ஏங்க, சாயங்காலத்துக்குள்ள ஸ்கூலுக்குப் பதில் சொல்லணும். அந்த மினி பஸ் வருமா, வராதா?”

தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை பேச்சை நிறுத்துவது எங்கள் தெருவின் பழக்கம். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

“வர வாய்ப்பு இருக்கு,” என்றேன்.

“இது பேப்பர்காரர் பேசறது.”

“வரலேன்னா விடறதா இல்ல, போராடுவோம்.”

“இது கட்சிக்காரர். எனக்கு இவங்க யாரும் வேண்டாம். என் புருஷனா சொல்லுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த பஸ்ஸைப் பற்றி எழுதினேன், கேட்டேன், பதில் சொன்னேன். அதில் ஏறப் போகிறவள் என் வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

“எனக்குத் தெரியலம்மா,” என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

அவள் போனை எடுத்தாள். “மேடம், திங்கக்கிழமையிலேர்ந்து வரேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

“எதுல போவ?” என்று பதறினேன்.

“அது பரிசீலனையில் உள்ளது,” என்றாள்.

கேலி செய்தாளா, கோபித்துக்கொண்டாளா என்று புரியவில்லை. காகிதத்தில் முதல் பாடமாக 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். கல்லூரியில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்களே என்று அடித்தேன். அடித்ததன் கீழேயே மறுபடி எழுதினேன். உள்ளே அவள் பீரோவைத் திறந்து, திங்கட்கிழமைக்குப் புடவை தேட ஆரம்பித்திருந்தாள்.