பி பக்கத்தின் கடைசிப் பதினொரு நிமிடம்

மோகனராஜுக்குக் கண்டியில் பிடித்த கிட்டார்காரர் ஒருவர்கூட இல்லை. கல்யாண வீட்டில் பைலா வாசிக்கும் கோஷ்டியை "விறகு பொளக்கிறவனுங்க" என்பார். ஹோட்டலில் வெள்ளைக்காரர்களின் மேசை மேசையாகப் போய் வாசிக்கிறவர்கள் கிட்டாரைக் காட்டிப் பிச்சை எடுப்பதாகச் சொல்வார். பேராதனைக் கம்பஸ் பிள்ளைகள் புல்தரையில் வாசிப்பது காதில் விழுந்தால், யாரோ காலை மிதித்துவிட்டதைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நடப்பார். அவர் ஒரு கம்பியையும் தொட்டதில்லை. வாசிக்க விரல் போதும், கேட்கத்தான் தகுதி வேண்டும் என்பது அவர் கொள்கை.

இப்படி ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார். காணிப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்த இவர், ஒரு கையெழுத்துக்காக வந்து நிற்கிறவர்களிடமும் ஸ்பெயின் தேசத்துக் கிட்டாரைப் பற்றிப் பேசுவார். கையெழுத்து வேண்டியவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைத் தன் ஞானத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்வார். ஸ்பெயினுக்கு அவர் போனதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே தம்பியை ஏற்றிவிட ஒருமுறை போனதுதான்.

ஞானமெல்லாம் ஒரு கசெட்டிலிருந்து வந்தது. தொண்ணூற்றிரண்டில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே பஸ் தரிப்பிடத்தின் மேல்மாடியில் இருந்த ஒரு ரெக்கோடிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து தரும் கடையில், பதிந்து வாங்கியது. வெற்றுக் கசெட்டைக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். இசைத்தட்டு முடிந்தும் நாடா மிஞ்சினால் சும்மா விடமாட்டார்கள். வெறும் நாடா ஓடினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று கையில் அகப்பட்டதைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. மோகனராஜுக்கும் தெரியும். ஆனால் தன் கசெட்டைப் பற்றி மட்டும் அவர் அப்படி யோசித்ததில்லை. உறையில் 'கிட்டார் – ஸ்பெயின்' என்று பேனாவால் எழுதியிருந்தது. அவருக்கு அது போதும்.

பி பக்கத்தின் கடைசிப் பதினொரு நிமிடம்தான் அவருடைய உயிர். அதில் நான்காம் நிமிடத்தில் கனத்த நீண்ட ஒலி ஒன்று வரும். அந்த இடத்தில் ஒற்றை விரலைத் தூக்குவார். "இந்த ஸ்வரத்த எந்தக் கம்பியில எடுத்தான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனாலயும் சொல்ல முடியாது." முடிவில் இசை சட்டென்று அறுந்துபோகும். "முடிக்காம முடிக்கிறான் பாருங்க. அதான் மேதை."

பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்த டிலானி கலஹாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். போகும்போதும் வரும்போதும் காதில் கிட்டார்தான். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ போன மாதம் போட்டதும் கேட்பாள், அறுபது வருடத்துக்கு முந்தியதையும் தேடிப் பிடிப்பாள். நல்லதாக ஒன்று கிடைத்தால் மோகனராஜின் போனுக்கு அனுப்பிவைப்பாள். அவர் அதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தரம் கேட்டுவிட்டு, மறுநாள் "வெறும் சத்தம்" என்பார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பதினொரு நிமிடத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினார். சோற்றுப் பார்சலில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

"சேர், இது எங்கப்பா வாசிக்கிறது."

"என்னம்மா?"

"லொறி ஓட்டுறதுக்கு முந்தி கிட்டார்தான் வாசிச்சாரு. இது நானே போட்டதுன்னு சொல்வாரு. இப்பவும் வீட்டுல வாசிப்பாரு."

மோகனராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். "ரேடியோவுல கேட்டிருப்பாரும்மா. எல்லா அப்பாவும் புள்ளைங்க கிட்ட இப்படித்தான் அளப்பாங்க."

அடுத்த மாதம் அவருடைய பிரியாவிடை. முப்பத்து நான்கு வருடத்தில் பதவி உயர்வு கிடைக்கவில்லை, கிட்டார் தெரிந்தவர் என்ற பெயர் மட்டும் கிடைத்திருந்தது. அதை எல்லோர் முன்னாலும் ஒருமுறை முழுதாக அனுபவித்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். டிலானியும் ஒரு காரியம் செய்தாள். அப்பாவை அழைத்துவந்து கடைசி வரிசைக் கதிரையில் உட்காரவைத்தாள்.

கசெட் ஓடியது. மோகனராஜ் மைக்கைப் பிடித்து விளக்கிக்கொண்டே வந்தார். அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தார். டிலானியின் அப்பா ரவிகுமாரின் இடது கை விரல்கள் முழங்காலின் மேல் அசைந்துகொண்டிருந்தன. இசைக்குப் பின்னால் அல்ல, அதற்கு முன்னால். அடுத்த ஸ்வரம் எங்கே விழப்போகிறது என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

மோகனராஜுக்குப் புரிந்துவிட்டது. மைக் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்காம் நிமிடம் வந்ததும் விரலைத் தூக்கி, வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்: "இந்த மாதிரி விரல் நம்ம மண்ணுல பொறக்காது. ஸ்பெயின்லதான் பொறக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ரவிகுமாரும் தட்டினார்.

தேநீர் நேரத்தில் அவர் பெட்டிஸைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "ரொம்ப நல்லாப் பேசினீங்க ஐயா. நீங்க விரல் தூக்கின அந்த ஒரு சத்தம் மட்டும் நான் வாசிச்சது இல்லீங்க. அது, மேல ரெக்கோடிங் பாருல நான் வாசிக்கிறப்ப கீழ நின்ன கலஹா பஸ்ஸு. அந்த டிரைவர் எப்பவும் ஹோர்ன நல்லா இழுத்துத்தான் அடிப்பாரு. கடைசி பஸ்ஸுங்க அது. அடுத்த ஹோர்ன் அடிச்சதும் பாதியிலயே கிட்டாரத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன்."

மோகனராஜ் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட ஒரு கொப்பி கூட இல்ல. நீங்க ஒண்ணு எடுத்துக் குடுத்தா…"

"பழைய நாடா. கொப்பி எடுத்தா அறுந்துரும்" என்றார் மோகனராஜ். தூசி படியாமல் இருக்கவென்றே வாரம் ஒருமுறை அவர் ஓடவிடுகிற நாடா அது; ஒருமுறையும் அறுந்ததில்லை.

"பரவாயில்லப்பா" என்று டிலானி போனைக் காட்டினாள். "மொதல்லருந்து கடைசி வரைக்கும் நான் ரெக்கோட் பண்ணிட்டேன். சேர் பேசினதும் சேந்தே இருக்கு. இப்பதான் நம்ம தோட்டத்து லயத்து வாட்சப் குரூப்புக்கும் அனுப்பினேன்."

மோகனராஜ் தான் பேசியதை முதல் வார்த்தையிலிருந்து நினைத்துப் பார்க்கத் தொடங்கினார். ரவிகுமார் போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஹோர்ன் வந்த இடத்தில், மகளுக்கு மட்டும் கேட்கும்படி சிரித்தார்.