ஹெல்மெட்டுக்குள் அத்தான்

"கழுதையோ?"

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மன்னார்ச் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். முதல் கேள்வி இதுதான். தெருவெல்லாம் கழுதைகள் நிற்கிற ஊரில் வேறு எதைக் கேட்பார்கள்? நான் "இல்லை" என்றதும் கேட்டவருக்கு முகம் வாடிவிட்டது. கழுதை இல்லாமல் ஒரு மனுசன் எப்படி விழுவான் என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

போன வாரம் பேப்பரில் என்னுடைய இந்தப் பக்கம் ஏன் வெறுமையாகக் கிடந்தது என்று சிலர் விசாரித்தீர்களாம். நன்றி. இப்போது ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் வழமையான அலட்டல் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

என் அக்காவை இலுப்பைக்கடவையில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் கமக்காரர். நெல் முற்றி, கதிர் சாய்ந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. வானமோ காலம் தப்பி இருட்டிக்கொண்டு வருகிறது. வெட்டு மெசின் கிடைப்பதே இந்த நாட்களில் பெரும்பாடு. ஆளைப் பிடித்து, காலைப் பிடித்து, ஒருவழியாக மெசினை வயலுக்குள் இறக்கினால்... நாலு வரிசை வெட்டியதும் பெல்ட் அறுந்துபோனது.

புதுப் பெல்ட் மன்னார் டவுனில்தான் வாங்கலாம். நான் டவுனுக்குப் பக்கத்தில், தோட்டவெளியில் இருக்கிறேன். ஆகவே அத்தானுக்கு என் ஞாபகம் வந்தது.

மற்ற நாட்களில் வராது. பேப்பரில் எழுதுவதை அவர் ஒரு வேலையாக ஒப்புக்கொண்டதே இல்லை. "மழை வந்தா உன்ர பேப்பரை விரிச்சே நெல்லுக் காயப்போடுறது?" என்று ஒருமுறை சபையில் வைத்துக் கேட்டவர். ஆனால் அன்றைக்குக் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மச்சான், பெல்ட்டோட உடன வா. மத்தியானத்துக்குள்ள வராட்டி மெசினை முசலிப் பக்கத்து வயலுக்கு ஏத்திப்போடுவன் எண்டு மெசின்காரன் சொல்லுறான். மெசின் போச்செண்டா, மழைக்கு முந்தி இனி ஒருத்தனும் வரமாட்டான்."

அந்த வயல்தான் அவர்களுக்கு ஒரு வருடம். சோறு, மகளின் படிப்பு, நல்லது கெட்டது எல்லாம் அதற்குள்தான். பெல்ட்டை வாங்கி மாலைமாதிரித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பாலம் தாண்டவில்லை, போன் அடித்தது. நான் சட்டத்துக்குப் பயந்தவன். ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"எங்க நிக்கிறாய்?"

"பாலத்தடியில, அத்தான்."

"நிக்கிறியோ? ஏன் நிக்கிறாய்?"

"நீங்கள் எடுத்தீங்கள். அதான் நிப்பாட்டினனான்."

"விசரே உனக்கு? இஞ்ச மழை இருட்டுது, நீ நிண்டு கதைக்கிறாய்! ஓடிக்கொண்டு கதையன்!"

தள்ளாடிச் சந்தியில் இன்னொரு தடவை. அடுத்த வளைவில் இன்னொரு தடவை. "எங்க நிக்கிறாய்" என்று கேட்டே ஒரு மனுசனை நிற்க வைப்பது, பிறகு ஏன் நின்றாய் என்று ஏசுவது... இதற்கு யார் என்ன செய்ய முடியும்?

செய்ய முடியும். எங்கள் பக்கத்தில் அதற்கென்றே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள் — உங்களில் பாதிப்பேர் இதில் பட்டதாரிகள். அழைப்பை எடுக்க வேண்டியது. போனை அப்படியே கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருக வேண்டியது. அவ்வளவுதான். இரண்டு கையும் ஹாண்டிலில். வார் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது. பொலிஸ்காரர் பார்த்தால், தனக்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு போகும் ஒரு நல்ல மனுசன்.

ஒரேயொரு குறை. உள்ளே போன அழைப்பை ஓட ஓட நிறுத்த முடியாது. நிறுத்துவதென்றால் வண்டியை நிறுத்த வேண்டும், வாரைக் கழற்ற வேண்டும், காதை விடுவிக்க வேண்டும். அத்தானோ அதற்கும் இடம் வைக்கவில்லை.

"வைக்காத. லைனிலயே இரு. நான் பாத்துக்கொள்ளுறன்."

எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் தெருவில் போகவில்லை, ஐயா. வயலில்தான் போனேன். மெசின்காரர் பொறுமை இழந்து பெருமூச்சு விட்டது கேட்டது. அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். சீனி காணாது என்று அத்தான் முறைப்பட்டார். வேணுமென்றால் நீங்களே போய்ப் போட்டுக்கொண்டு வாங்கோ என்று அக்கா சொன்னாள். மேற்கே மின்னியதாம். முசலியிலிருந்து மெசின்காரருக்கு அழைப்பு வந்ததாம். "இந்தா வந்திட்டான், இந்தா வந்திட்டான்" என்று அத்தான் அவருக்குச் சொல்ல, "இந்தா வந்திட்டன், இந்தா வந்திட்டன்" என்று நான் ஹெல்மெட்டுக்குள் கத்தினேன்.

இவ்வளவும் நினைவிருக்கிறது. ஆனால் விடத்தல்தீவு எப்போது வந்தது, எப்போது போனது? சத்தியமாகத் தெரியாது. ஓர் ஊர் முழுவதையும் கண்ணைத் திறந்துகொண்டே காணாமல் கடந்திருக்கிறேன்.

பள்ளமடுவும் தாண்டிவிட்டேன். இன்னும் கொஞ்சத் தூரம்தான். அப்போதுதான் அத்தான் அலறினார்.

"மாடு! மாடு! வலப்பக்கம்! வலப்பக்கத்தால போ! கெதியா ஓடு!"

நான் கெதியாக வலப்பக்கத்தால் போனேன்.

தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்ப் பக்க ஓரத்தையும் தாண்டி, வாய்க்காலுக்குள் போனேன். மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது கை எனக்குக் கீழே எங்கேயோ மடிந்து கிடந்தது. தலை மட்டும் வரம்பில் இருந்தது, சேறு படாமல். கண்ணைத் திறந்து மாட்டைத் தேடினேன்.

தெரு துப்புரவாகக் கிடந்தது. மாடு இல்லை. கன்று இல்லை. ஒரு கோழிகூட இல்லை.

விளங்குகிறதா? மாடு நின்றது அத்தானின் வயலில். நெல்லுக்குள் வாய் வைத்துக்கொண்டு. அவர் கத்தியது மெசின்காரருக்கு, மாட்டை வலப்பக்கத்தால் போய் மறிக்கச் சொல்லி. மெசின்காரர் அசைந்தாரோ இல்லையோ தெரியாது. பள்ளமடுவுக்கு அப்பால் நான் பறந்துபோய் மறித்துவிட்டேன்.

சிரிக்கலாம். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் நான் விழுந்து கிடந்தபோது, சற்று முன் நான் குறுக்கே பாய்ந்த அதே பக்கத்தால் மணல் ஏற்றிய லொறியொன்று போனது. நில்லாமல், இரைந்துகொண்டு. வரம்பு அதிர்ந்தது. ஒரு நிமிடம் பிந்தி அத்தான் மாட்டைக் கண்டிருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கு நிரந்தரமாகவே வெறுமையாகக் கிடந்திருக்கும்.

ஹெல்மெட்டுக்குள் அழைப்பு அறுபடவில்லை.

"மச்சான்? என்னடா சத்தம்?"

மூச்சு அடைத்துப்போய்க் கிடந்தேன்.

"டேய்... கதையன். டேய் மச்சான்!" பிறகு அந்தக் குரல் உடைந்தது. "நெல்லுக் கிடக்கட்டும். பெல்ட் நாசமாப் போகட்டும். நீ ஒரு சொல்லுக் கதையடா ராசா..."

பின்னால் அக்கா குழறி அழுவது கேட்டது. "என்ர தம்பிக்கு என்ன? என்னெண்டு சொல்லுங்கோவன்! தம்பீ!"

இத்தனை வருடத்தில் அத்தான் என்னை ராசா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அழுகை வந்துவிட்டது. சேற்றுக்குள் கிடந்து, கை ஒடிந்து, அத்தானின் அன்பை எண்ணி அழுதேன். நான் தலைகுப்புறக் கிடந்தால்தான் இது வெளியே வருமா என்று பிறகுதான் யோசித்தேன்.

மூச்சுத் திரும்பியதும் "பள்ளமடு தாண்டி... வாய்க்காலுக்குள்ள..." என்று முனகினேன். "இந்தா வாறம்!" என்றார். மெதுவாக ஏறி, தெரு ஓரத்தில் குந்திக்கொண்டேன். ஒற்றைக் கையால் ஹெல்மெட்டைக் கழற்ற முடியவில்லை. அத்தான் உள்ளேயே இருந்தார்.

வயலில் நின்றது லாண்ட்மாஸ்டர். இரண்டு நீண்ட கைப்பிடிகளை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்து ஓட்டுகிற சின்ன உழவு இயந்திரம். பின்னால் ஒரு பெட்டி. தூரத்தில் அது வருவது தெரிந்தது. பெட்டியில் அக்காவும் மெசின்காரரும். முன்னால் அத்தான்... ஒரு கையில் ஒரு கைப்பிடி. மற்றக் கையில் — வேறென்ன? — போன்.

"எங்கயடா நிக்கிறாய்?" ஒரே குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது.

"இஞ்ச அத்தான்! உங்களுக்கு முன்னால!" நல்ல கையைத் தூக்கி ஆட்டினேன்.

"முன்னால எண்டா எவடத்தில? அடையாளம் சொல்லு!"

"நான்தான் அடையாளம்! கையைக் காட்டுறன்!"

அத்தான் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, என்னைக் கடந்து போனார். கைநீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தால் போனார்.

"நிப்பாட்டுங்கோ! அந்தா இருக்கிறான்! தம்பி அந்தா!" அக்கா கத்தினாள்.

"சத்தம் போடாத! நான் அவனோடதான் கதைச்சுக்கொண்டு போறன், விளங்குதில்லை!"

அக்கா எட்டி, அவர் காதிலிருந்த போனைப் பறித்தாள். அதன் பிறகுதான் அத்தானுக்குக் கண் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். போனில் கதைக்கிற மனுசன் தான் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை. குரல் வருகிற இடத்துக்குப் போய்விடுகிறான். தெருவில் ஓடுவது ஆளில்லாத வண்டி. நான் பள்ளமடுவில் இல்லை, வயலில் மாடு மறித்தேன். அத்தான் தெருவில் இல்லை, என் வாய்க்காலுக்குள் என்னைத் தேடினார். ஓட்டுகிறவனைப் பிடித்துத் தண்டம் போடுகிறார்கள், சரி. "பைக்கில வாறன்" என்று சொன்ன பிறகும் "சரி சரி, ஒரு சின்ன விசயம் சொல்லிப்போட்டு வைக்கிறன்" என்று ஊர்க்கதை முழுவதையும் சொல்லுகிறோமே, எங்களை யார் பிடிப்பது?

பெட்டியில் ஏற்றியதிலிருந்து அக்கா என் நல்ல கையை விடவே இல்லை. பெல்ட் என் தோளில் பத்திரமாக இருந்தது. அதைக் கழற்றி மெசின்காரரிடம் கொடுத்த அத்தான், "நீ வயலைப் பார். நான் முதல்ல இவனை ஆஸ்பத்திரியில காட்டவேணும்" என்றார். மெசின்காரர் அந்த வழியாக வந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போனார். முசலிப் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை. நல்ல மனுசன்.

கட்டுப் போட்டுக்கொண்டு நாங்கள் வயலுக்குத் திரும்ப, முதல் தூறல் விழுந்தது. மெசின் கரையேறி நின்றது. நெல் மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கு இழுத்துக் கட்டியிருந்தது. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே வரம்பில் இருந்துவிட்டாள். வருடம் தப்பிவிட்டது.

கிழக்கு மூலை மட்டும் ஒருமாதிரி இருந்தது. மெசின் வெட்டின மாதிரி இல்லை. எல்லோரும் வயலை விட்டுவிட்டு என்னைத் தூக்க ஓடிய நேரத்தில், விரட்டுப்பட்ட மாடு திரும்பி வந்திருக்கிறது. இனசனத்தையும் கூட்டிக்கொண்டு. ஒரு கதிர் மிச்சமில்லை.

அத்தான் மூலையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "போகட்டும், மூலைதானே" என்றார்.

அக்காதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அதுகளிட்டப் போன் இல்லை. வந்த அலுவலை ஒழுங்காப் பாத்திட்டுப் போயிருக்குதுகள்."