எட்டாத நெற்று

மாசி ஒன்பதாம் தேதி, காலை ஏழே கால் மணி, தூறல். கண்டி மஹய்யாவையில், காப்பி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பெருத்த வயிறு, எதைக் கண்டாலும் வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம். கண்டியில் வேறு யாரிடமும் இல்லாத என் சிவப்பு அவரையில் பன்னிரண்டு விதைகளை அவருக்குக் கொடுத்திருந்தேன். ஒருவர் தோட்டத்தில் அழிந்தால் மற்றவர் விதை தருவது எங்கள் வழக்கம். என் கொடிகள் மழையில் அழுகிவிட்டன.

“விதையா? பிஞ்சுலேயே பறிச்சுக் கறி வச்சிட்டோமுங்க ஐயா. முத்தவிட்டா ருசி போயிருமில்ல?”

“எல்லாத்தையுமா?”

“கூரை மேல ஒரு நெத்து கெடக்கு. எட்டல.”

“ஏணி இல்லையா?”

“இருக்கு. யாரு ஏறுறது?”

நானே ஏறினேன். காய்ந்த நெற்றில் நான்கு விதைகள் இருந்தன. தீனியால் அழித்ததைச் சோம்பலால் காப்பாற்றிய இந்த மனிதரை என்னவென்று சொல்வது? இறங்கியதும் கையை நீட்டினார்.

“நம்ம கொடியில காய்ச்சதாச்சுங்களே.”

ஒரு ரூபாய் கொடுத்தேன்.