கழுவி எடுத்த பழம்

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அரைக் குடம் தண்ணி பிடிக்கும். கனம் ஜாஸ்தி, இரண்டு கையால்தான் தூக்கணும். விளிம்பு முழுக்கத் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். செங்கம் ரோட்டில் வீடெடுத்து, வருஷா வருஷம் பனிக்காலத்தில் நாலு மாசம் தங்கிப்போன வெள்ளைக்காரம்மா கொடுத்தது. அவர்களுக்குப் பதினோரு வருஷம் சமைத்தேன். நான் நாலாவது தாண்டாதவள்தான். ஆனால் என் கைப்பக்குவத்தை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதனால் வந்ததைத்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்கு இருபது பேர் விருந்துக்கு வருவார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஒயின் வரும். பழம் போட்டுப் பஞ்ச் என்று ஒன்று செய்வோம். ஆரஞ்சைச் சுளை உரித்து விதையெடுத்து, ஆப்பிளையும் அன்னாசியையும் ஒரே அளவாக நறுக்கி, பன்னீர்த் திராட்சையைச் சேர்ப்பேன். பட்டை, கிராம்பு, சர்க்கரை கொதிக்கவிட்டு ஆறவைத்து ஊற்றுவேன். அதன்மேல் அந்தம்மா ஒயினை ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊறவிடுவார்கள். பாட்டிலை மட்டும் நான் தொடமாட்டேன். என் வீட்டுக்காரர் குடித்தே போனவர். ஆட்டோ ஓட்டுகிற என் மகனும் அதே வழியில் போனவன், நான் சொல்ல வந்த அந்த வருஷம் மீண்டிருந்தான். பதினாலு பௌர்ணமி விடாமல், வெறுங்காலோடு மலையைச் சுற்றினான். பிரிந்துபோன மருமகள் கீழ்பென்னாத்தூரிலிருந்து பேத்தியோடு திரும்பி வந்திருந்தாள். "அத்தே, இன்னொரு வாட்டி இவரு குடிச்சா நான் போயிடுவேன். நீங்க வந்து கூப்டாலும் வரமாட்டேன்"னு சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

அந்த வருஷ விருந்துக்கு மறுநாள் காலையில் பாத்திரம் கழுவப் போனேன். பஞ்ச் தீர்ந்து, அடியில் பழம் கால் கிண்ணம் கிடந்தது. "கிண்ணம் நீ எடுத்துக்கோ. பழம் வேணாம். குப்பை, குப்பை" என்று அந்தம்மா தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, தொட்டியையும் கையால் காட்டினார்கள். தலையாட்டினேன். பழத்தோட அருமை இவங்களுக்கு என்னா தெரியும்னு மனசுக்குள் நினைத்தேன். நான் நறுக்கிய பழம். போதையெல்லாம் தண்ணியில்தானே, தண்ணி போய்விட்டால் பழம் பழந்தானே? மூன்று தண்ணி விட்டு அலசினேன். மோந்தால் கிராம்பு வாசனைதான் வந்தது. சர்க்கரை தூவி, அதே கிண்ணத்தில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. பிள்ளை சாப்பிடாமல் நான் எதையும் சாப்பிட்டதில்லை.

மருமகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகன் முதல் வாய் போட்டான். மெல்வதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தான். "என்னாடா, புளிக்குதா?"

"இல்லம்மா. நல்லாருக்குது."

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் தின்றான். ஒரு துண்டு மிச்சமில்லை. பெத்தவள் கண்ணுக்கு அது பசியாகத்தான் தெரிந்தது.

மத்தியானம் மருமகள் கிண்ணத்தை மோந்து பார்த்தாள். "அத்தே, என்னாத்தக் குடுத்தீங்க?"

"பழம். பழத்துல என்னாடி இருக்குது? எனக்கே சொல்லித் தர்றியா?"

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. சாயங்காலம் ஆட்டோ எடுத்துப் போனவனை மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விழுந்துகிடக்கப் பார்த்தோம். மருமகள் பேத்தியின் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கூப்பிடப் போனேன். "எத்தினி பௌர்ணமி சுத்தினா என்னா, இவன் புத்தி போவுமா?"ன்னார் சம்பந்தி. மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சம்பந்தி சொன்னதுக்கு ஆமான்னு தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆறு வருஷமாச்சு. வெள்ளைக்காரம்மா இப்போது வருவதில்லை. பௌர்ணமிக்குக் கூட்டம் போகிற சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். மிக்ஸி, குத்துவிளக்கு, என் கம்மல் என்று ஒவ்வொன்றாக மகன் கொண்டுபோய் விற்றுக் குடித்துவிட்டான். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் பித்தளை அண்டாவை எடுக்கப் பரணில் ஏறினான். கிண்ணம் குறுக்கே இருந்தது. நடுங்குகிற இரண்டு கையாலும் அதைத் தூக்கி, பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, அண்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் விழுந்துவிடக் கூடாதென்று நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.